நடந்தும் எடை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு 31 வயது. உயரம் 155 செ.மீ. கல்யாணத்தின்போது 54 கிலோ இருந்தேன். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்குப் பதினோரு மாதம். இரண்டாவது பிரசவம் சிசேரியன். அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டார்கள். இப்போது 71 கிலோ இருக்கிறேன். மூன்று மாதமாக வாரத்துக்கு ஐந்து நாள், காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நடந்துவிட்டு வந்து ஒரு டீ, நான்கு மேரி பிஸ்கட். காலை டிபனை விட்டுவிட்டேன். அப்படியும் ஒரே ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. "ஆபரேஷன் பண்ணின உடம்பு, இனிமே குறையாது" என்கிறார் மாமியார். அது உண்மையா? நடப்பது வீண்தானா? சாப்பாட்டைக் குறைத்தால் பையனுக்குப் பால் வற்றிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
வாசகி, திண்டுக்கல்

பதில்: உயரம், எடை, நாள், நேரம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். டீயோடு சாப்பிடும் பிஸ்கட்டைக்கூட எண்ணிச் சொன்னதற்குத் தனியாக நன்றி. இந்த எண்களே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன.

முதலில் ஆபரேஷன். உங்கள் மாமியார் சொன்னதைத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் சொல்லக் கேட்கலாம். மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டிருக்கும் மாநிலம் இது. செய்துகொண்டபின் உடம்பு போட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். ஆனால் ஆபரேஷனில் நடப்பது என்ன? சினைப்பையிலிருந்து கருமுட்டை கருப்பைக்கு வந்து சேரும் பாதையான கருக்குழாயை இரண்டு பக்கமும் கட்டித் துண்டிக்கிறார்கள். அவ்வளவுதான். ஹார்மோன் சுரக்கிற சினைப்பையில் யாரும் கைவைப்பதில்லை. அது முன்போலவே வேலை செய்கிறது; மாதவிலக்கும் வழக்கம்போல வருகிறது. கொழுப்பைச் சேர்ப்பதிலோ கரைப்பதிலோ கருக்குழாய்க்கு எந்தப் பங்கும் இல்லை. சிசேரியனுக்காக முதுகில் போட்ட மயக்க ஊசியின் மீதும் இதே பழியைப் போடுவார்கள். அந்த மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பிறகு ஏன் இத்தனை பேர் இப்படி நம்புகிறார்கள்? ஆபரேஷன் நடக்கும் காலம்தான் காரணம். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு அது நடக்கிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஓய்வு, விசேஷச் சாப்பாடு, தூக்கமில்லாத இரவு எல்லாம் சேர்ந்து வருகின்றன. எடை இவற்றால் ஏறுகிறது. நினைவில் நிற்பது மட்டும் ஆபரேஷன் நடந்த நாள். (மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் கருத்தடை ஊசி வேறு. அதனால் சிலருக்கு எடை கூடுவதுண்டு. அந்த ஊசி போட்டுக்கொள்ளும் வாசகியர், எடை ஏறுவதைக் கவனித்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறலாம்.)

அடுத்து, "பிள்ளை பெத்த உடம்பு" என்ற சொல். கர்ப்ப காலத்தில் 11, 12 கிலோ கூடுவது இயல்பு. குழந்தை மூன்று கிலோ. நஞ்சு அரைக் கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் ஒரு கிலோ அளவு. கருப்பையே பிரசவ நேரத்தில் ஒரு கிலோ இருக்கும். ஆறு வாரத்தில் அது சுருங்கி 60 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. கூடுதலாக ஊறிய இரத்தமும் நீரும் முதல் சில வாரங்களில் வெளியேறிவிடும். கடைசியில் மிஞ்சுவது மூன்று, மூன்றரை கிலோ கொழுப்பு. பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடல் முன்கூட்டியே எடுத்துவைத்த இருப்பு அது. இரண்டு பிரசவத்திலும் அது கரையாமலே நின்றுவிட்டது என்று வைத்தாலும் ஏழு கிலோதான் ஆகும். நீங்கள் ஏறியிருப்பதோ 17 கிலோ. ஆக, பெரும்பகுதி பிரசவத்துக்குப் பின் வந்தது. சாப்பாட்டால் வந்தது என்றால் சாப்பாட்டால் போகவும் செய்யும்; உங்களுக்கு இது நல்ல செய்தி.

இனி நடை. கலோரி என்பது உணவு தருவதும் உடல் செலவழிப்பதுமான ஆற்றலின் அளவு. உங்கள் எடையில் ஒருவர் ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட 150 முதல் 180 கலோரி கூடுதலாகச் செலவாகும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். வாரம் ஐந்து நாள், மூன்று மாதம் என்றால் 65 நடை. பெருக்கிப் பார்த்தால் பதினோராயிரம் கலோரிக்குச் சற்றுக் குறைவாக வரும். கொழுப்பில் அது ஒரு கிலோ 400 கிராம். உங்களுக்கு ஒரு கிலோ குறைந்திருக்கிறது. நடையால் எவ்வளவு முடியுமோ அதில் பெரும்பகுதியை அது செய்து முடித்திருக்கிறது. குறை உங்கள் உடம்பில் இல்லை. நடையிடம் நாம் வைத்த எதிர்பார்ப்பு பெரிது.

அந்த மீதி 400 கிராம் எங்கே போனது என்று கேட்பீர்கள். பசியில் போயிருக்கும். 1994-இல் அமெரிக்காவில் கேத்ரின் டூயியும் அவருடைய குழுவினரும் பால் கொடுக்கும் தாய்மார் 33 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் ஐந்து நாள், பன்னிரண்டு வாரம், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு நாள் பயிற்சியில் 400 கலோரி வரை செலவானது. முடிவில் இரண்டு பிரிவினருக்கும் எடையில் வேறுபாடு இல்லை. பயிற்சி செய்தவர்கள், தங்களை அறியாமல், செலவானதைச் சாப்பிட்டே ஈடுகட்டியிருந்தார்கள். உங்கள் காலையும் அப்படித்தான். நடந்து வந்து குடிக்கும் டீயில் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையுமாக நூறு கலோரி. நான்கு மேரி பிஸ்கட்டில் இன்னொரு நூறு. ஒரு மணி நேர நடை பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

2012-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தை இன்னும் தெளிவாக்கியது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், பால் கொடுக்கும், எடை கூடிய தாய்மார் 68 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு உணவை மட்டும் மாற்றியது. ஒரு பிரிவு வாரம் நான்கு நாள் 45 நிமிடம் வேகமாக நடந்தது. ஒரு பிரிவு இரண்டையும் செய்தது. நான்காவது பிரிவு வழக்கம்போல இருந்தது. பன்னிரண்டு வாரத்தில் உணவை மாற்றியவர்களுக்குச் சராசரியாக எட்டுக் கிலோவுக்கு மேல் குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கு ஏழு கிலோ. நடந்தவர்களுக்கு இரண்டரை கிலோ அளவு. எதுவும் செய்யாதவர்களுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. உணவை மாற்றியவர்கள் பட்டினி கிடக்கவில்லை. தட்டில் பாதியைக் காய்கறியால் நிரப்புவது, மற்றதை அளவு குறைத்துப் பரிமாறிக்கொள்வது, இனிப்பும் நொறுக்குத்தீனியும் வாரத்துக்கு நூறு கிராமோடு நிறுத்துவது, கொழுப்பும் சர்க்கரையும் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது. இவ்வளவே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு நாளைக்கு 500 கலோரி குறைவதே குறிக்கோள்.

அந்த 500 கலோரியை நம் வீட்டுச் சமையலில் எங்கே பிடிப்பது? இதற்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். நம் வழக்கத்தில் சோறு மூன்று தடவை தட்டில் விழுகிறது: குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் போட்டுக்கொண்டதாகத் தோன்றும்; மூன்றும் சேர்ந்து எளிதில் 400 கிராமைத் தொட்டுவிடும். 100 கிராம் சோற்றில் 130 கலோரி, ஆக 520. குழம்புக்கு மட்டும் ஒரே தடவையாக 200 கிராம் சோறு போட்டுக்கொள்ளுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. ருசி ஒன்றும் குறையாது, 260 கலோரி குறைந்துவிடும். நீங்கள் காலையில் நடக்கும் ஒரு மணி நேரத்தைவிட இது பெரிது. ஒரே ஒரு நாள், நீங்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கரண்டிக் கணக்கே போதும்.

குறைத்த சோற்றின் இடத்தைச் சும்மா விட்டால் நான்கு மணிக்குப் பசி வந்து முறுக்கு டப்பாவைத் திறக்க வைக்கும். அந்த இடத்தில் பொரியலும் கீரையும் கூட்டும் வரட்டும். பொரியலைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்காமல் தட்டில் பாதியாக வையுங்கள். சோற்றுக்குக் கால் பகுதி போக, மிச்சமிருக்கும் கால் பகுதிக்கு முட்டை, மீன், கெட்டிப் பருப்பு, சுண்டல் இவற்றில் ஒன்று. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் தேவை என்றும், குழந்தைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை பால் கொடுக்கும்போது இன்னொரு 13 கிராம் வேண்டும் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. புரதம் என்பது தசையைக் காப்பாற்றி, பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும் சத்து. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் எட்டு ஒன்பது கிராம் கிடைக்கும். தண்ணீராக ஓடும் சாம்பாரை நம்பி அந்த அளவை எட்ட முடியாது.

இதே காரணத்தால்தான் காலை டிபனை விட்டது உங்களுக்கு உதவவில்லை. டிபன் இருந்த இடத்தில் டீயும் பிஸ்கட்டும் வந்து உட்கார்ந்துவிட்டன. பதினொரு மணிப் பசியில் கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். பச்சைப்பயறு தோசை இரண்டு, அல்லது அவித்த முட்டை இரண்டுடன் ஓர் இட்லி. அதைச் சாப்பிட்டுவிட்டு, டீயில் சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்கி, பிஸ்கட்டை நிறுத்துங்கள்.

இராத்திரி சப்பாத்திக்கு மாறும்படியும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு எதுவாக இருந்தாலும், நூறு கிராம் தானியத்தில் 320 முதல் 360 கலோரிக்குள் இருக்கும். கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், அதற்காகச் சாப்பிடலாம். எண்ணெய் விட்டுச் சுட்ட நான்கு சப்பாத்தியால் எடை குறையாது.

இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஒன்று, பிள்ளைகள் வைக்கும் மிச்சம். பெரியவள் விட்ட பாதி நெய்த்தோசை, சின்னவனுக்குப் பிசைந்த பருப்புச் சாதத்தில் கடைசி நாலு வாய். வீணாகிறதே என்று வாயில் போடுவதை நாம் சாப்பாடாக எண்ணுவதே இல்லை, உடம்பு எண்ணுகிறது. பிள்ளைகளுக்கு முதலிலேயே பாதி அளவு வைத்து, கேட்டால் மறுபடி போடுங்கள்.

இன்னொன்று, பிரசவப் பத்தியம். லேகியம், பூண்டு, நல்லெண்ணெய், நெய், பால், பால்சுறாப் புட்டு என்று பெரியவர்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது அந்த நாற்பது நாளுக்குத் தகுந்த உணவு. உடல் தேறவும் வேண்டும், பாலும் ஊற வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது, உண்மைதான். ஆனால் பதினோராவது மாதத்தில் பையன் இட்லியும் சாதமும் சாப்பிடுகிறான். தாய்ப்பால் குடிப்பது குறைந்திருக்கும். அவனுடைய தேவை குறைந்தும், உங்கள் தட்டின் அளவு அந்த முதல் மாதங்களில் இருந்தபடியே நிற்கிறது. எடை நின்றுபோனதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன்.

பால் வற்றிவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, தாய்ப்பாலும் அப்படித்தான். குழந்தை உறிஞ்சிக் குடிப்பதைப் பொறுத்தே சுரக்கிறது. நெய்யைக் குறைத்தால் அது நிற்காது. 2000-இல் செரில் லவ்லேடியின் குழு, எடை கூடிய, பால் கொடுக்கும் தாய்மார் 40 பேரைப் பத்து வாரம் கவனித்தது. அளவான உணவும் உடற்பயிற்சியுமாக வாரத்துக்கு அரைக் கிலோ குறைத்தவர்களின் குழந்தைகள், மற்றக் குழந்தைகளுக்கு இணையாகவே வளர்ந்தார்கள். ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாதீர்கள், பால் கொடுக்கும்வரை நாளொன்றுக்கு 1,500 கலோரிக்குக் கீழே இறங்காதீர்கள். உணவுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் பவுடர்கள் இந்தக் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் நடையை விட்டுவிடலாமா என்றால், கூடவே கூடாது. இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, மனச்சோர்வைக் குறைப்பது, குறைத்த எடை மறுபடி ஏறாமல் காப்பது எல்லாம் அதன் வேலை. தட்டு இவற்றைத் தனியாகச் செய்யாது. வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் 300 நிமிடம் நடக்கிறீர்கள். அதில் ஒரு நாள் நடையைக் குறைத்து, வாரம் இரண்டு முறை இருபது நிமிடம் தசைப் பயிற்சி செய்யுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடைக்கு அதுதான் சரியான வேகம். இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது.

எடை குறைந்தும் வயிறு மட்டும் தள்ளி நின்றால், அதற்குக் காரணம் கொழுப்பாக இல்லாமலும் இருக்கலாம். கர்ப்பத்தின்போது வயிற்றின் முன்தசைகள் இரண்டும் நடுவில் விலகிக்கொள்ளும். சிலருக்கு அந்த இடைவெளி மூடாமலே நின்றுவிடுகிறது. துணியால் வயிறு கட்டுவது சிசேரியன் வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் கொழுப்பைக் கரைக்காது. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பயிற்சி சொல்லித் தருவார். அதற்கு முன் நீங்களாகப் படுத்து எழும் பயிற்சிகளைச் செய்ய வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய தாய்மாருக்கு, ஒரு வருடம் ஆன பிறகும் ஐந்து கிலோவோ அதற்கு மேலோ தங்கிவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். இரவில் பையன் எழும்போது ஒரு முறையாவது அவர் தூக்கி வைத்துக்கொண்டால், அது உங்கள் எடைக்குச் செய்யும் நேரடி உதவி.

இவற்றோடு ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பிரசவம் முடிந்த ஒரு வருடத்துக்குள் நூறு பெண்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் வேகமாக நடக்கவே தெம்பிருக்காது. கர்ப்பத்தின்போது சர்க்கரை இருந்தது என்றால், அதையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக இலக்கு. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் உடல் நிறைக் குறியீடு, பி.எம்.ஐ., உங்களுக்கு 29.6 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல், 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று கணக்கு. அதைப் பார்த்து 54 கிலோவை இப்போதே மனதில் வைக்காதீர்கள். உங்கள் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வரும் வாய்ப்பு குறையத் தொடங்குகிறது. அது மூன்றரை கிலோ. முதல் இலக்கு 67. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள், 80 செ.மீ.க்குள் வர வேண்டும். 67-ஐத் தொட்டதும் மறக்காமல் ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த கட்டத்தை அப்போது பேசுவோம்.